பெட்டிக்குப் பூட்டு, பிள்ளைக்குக் காப்பு



இன்று தடுப்பூசி பற்றிப் பேச வரவில்லை. நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிற நஞ்சைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "எங்க வீட்ல ஏதும்மா விஷம்?" என்று கேட்பீர்கள். அடுப்படியில் மண்ணெண்ணெய், பரண்மேல் பூச்சிமருந்து, மூலையில் எலிமருந்து, அலமாரியில் மாத்திரை. இருக்கிறதா, இல்லையா?

தவழ்கிற பிள்ளை கையில் கிடைத்ததை வாயில்தான் வைக்கும். சோடா பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தால், அதற்கு அது சோடாதான். கர்ப்பிணிகளுக்கு நாங்கள் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை அம்மாவுக்கு நல்லது. அதையே சின்னக் குழந்தை மிட்டாய் என்று அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

2013 ஜூலை 16-ஆம் தேதி, பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்துபோனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. ஆகவே, மருந்து டப்பாவை எத்தனை தடவை கழுவினாலும் எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ வைக்காதீர்கள்.

சரி, பிள்ளை குடித்தேவிட்டது. என்ன பண்ணுவீங்க? உப்புக்கரைசல், புளிக்கரைசல், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பீர்கள். அது வேண்டவே வேண்டாம்! மண்ணெண்ணெய் வாந்தியோடு திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் போய்விடும். மயங்கின பிள்ளைக்கு எது கொடுத்தாலும் மூச்சுக்குழலை அடைக்கும்.

செய்ய வேண்டியது இதுதான்:

1. வாயில் மிச்சம் இருப்பதைத் துடைத்து எடுங்கள்.
2. மருந்து பட்ட துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள்.
3. மயக்கமாக இருந்தால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.
4. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.
5. குடித்த பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ கையோடு கொண்டுபோங்கள். அதைப் பார்த்துத்தான் டாக்டர் வைத்தியத்தை முடிவு செய்வார்.

சிலவகைப் பூச்சிமருந்து உள்ளே போன பிள்ளைக்கு எச்சிலும் நுரையும் வழியும், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும், மூச்சுத் திணறும். அப்போது அட்ரோபின் ஊசி வேண்டும், மூச்சுவிட வைக்கும் கருவி வேண்டும், இரவு பகலாகப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இவையெல்லாம் ஒருசேர இருப்பது பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான். மந்திரிக்கப் போய் நேரத்தைக் கழிக்காதீர்கள்.

இன்னொன்று. சிலவகை எலிப்பசையைத் தின்ற பிள்ளை முதல் ஓரிரு நாள் நன்றாகவே இருக்கும். அதற்கப்புறம்தான் ஈரல் கெடும். "நல்லாத்தானே விளையாடுறான்" என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே கொண்டுவாருங்கள்.

வயதுக்கு வந்த பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பரீட்சையில் தோற்றது, நாலு பேர் முன்னால் திட்டு வாங்கியது என்று மனம் உடைந்த பிள்ளை ஒரு கணத்து வேகத்தில் தவறு செய்துவிடும். மருந்து கைக்கு எட்டாமல் இருந்தால் அந்த வேகம் தணிந்துவிடும், பிள்ளை பிழைத்துக்கொள்ளும். முகம் வாடியிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னப்பா, மனசுல என்ன?" என்று கேளுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், காசு கிடையாது. "போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று பயந்து மறைக்காதீர்கள். அப்படிப்பட்டவருக்குத் தண்டனை அல்ல, சிகிச்சையும் ஆதரவும்தான் தரவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமே சொல்கிறது.

தகப்பன்மார்களே, வயலுக்கு மருந்து வாங்குகிறவர் நீங்கள். தேவைக்கு மட்டும் வாங்குங்கள். மிச்சத்தை ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தாய்மார்களே, மாத்திரைகளைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அதை மிட்டாய் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்.

ஒரு பூட்டின் விலை கொஞ்சம்தான். இன்று வீட்டுக்குப் போனதும் புருஷனும் பெஞ்சாதியுமாகச் சேர்ந்து, ஒரு தடவை வீட்டைச் சுற்றிப் பாருங்கள்.