இரட்டைக் குழல்

இங்கிலாந்தில் லண்டன், பர்மிங்காம் என்ற இரு நகரங்களில் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளாக நடந்துவரும் ஒரு கைத்தொழிலைப்பற்றி இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன். யானை, காட்டெருமை, புலி முதலிய பெருவிலங்குகளைச் சுடுவதற்கென்றே, வாங்குபவருடைய உடலுக்கு அளவெடுத்துச் செய்யப்படும் ரைபிள் துப்பாக்கிகளே நான் எடுத்துக்கொண்ட பொருள். வேட்டையாடுதல் தகுமா, தகாதா என்பது தனி வழக்கு. அதற்குப் பின்னால் வருகிறேன். முதலில் அந்தக் கருவி உருவாகும் விதத்தைப் பார்ப்போம். கருவியைக் கூர்ந்து பார்த்தால்தான் அதைக் கையில் பிடித்தவனுடைய அச்சம் நமக்கு விளங்கும்.

அச்சம் என்று சொன்னது காரணத்தோடுதான். அடர்ந்த புதரிலிருந்து, காயம்பட்ட காட்டெருமை ஒன்று முப்பது கஜ தூரத்தில் பாய்ந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேட்டைக்காரனுக்குக் கிடைக்கும் அவகாசம் இரண்டு மூன்று விநாடிதான். முதற்குண்டு பிழைத்தால் இரண்டாவது குண்டு அந்தக் கணமே புறப்பட வேண்டும். தாழை இழுத்து, வெற்றுத் தோட்டாவைத் தள்ளி, புதுத் தோட்டாவை ஏற்றிக்கொண்டிருந்தால் அதற்குள் கொம்பு மார்பில் ஏறிவிடும். ஆகவே இரண்டு குழல்களை அருகருகே சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் தனி விசையும் தனிப் பொறியும் அமைத்தார்கள். ஒரு பொறியின் வில் முறிந்துபோனாலும் மற்றது தன் வேலையைச் செய்யும். உண்மையில் அது ஒரே கட்டையில் பொருத்திய இரண்டு துப்பாக்கிகளே ஆகும்.

ஆதியில் இவ்வளவு நயம் கிடையாது. கரும்புகை கக்கும் பழைய வெடிமருந்தின் காலத்தில், பெரிய விலங்கை வீழ்த்த வேண்டுமானால் குண்டைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. ஒரு ராத்தல் ஈயத்தில் எத்தனை உருண்டை செய்யலாமோ அந்த எண்ணே அக்காலத் துப்பாக்கிக்குப் பெயர். நாலாம் எண் துப்பாக்கி என்றால் கால் ராத்தல் குண்டு! 1840-களில் இலங்கைக்கு வந்து நுவரேலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் வைத்திருந்த நாலாம் எண் துப்பாக்கியின் எடை 21 ராத்தல். அதைச் சுமப்பது ஒரு வேலை. சுட்டபின் தோள் நிலைத்திருப்பது இன்னொரு வேலை. கார்டைட் என்னும் புகையற்ற மருந்து வந்த பிறகுதான் நிலைமை மாறிற்று. 1898-ஆம் ஆண்டில் ஜான் ரிக்பி என்ற கம்பெனியார் 450 அளவுள்ள ஒரு தோட்டாவை வெளியிட்டார்கள். அதன் குண்டு 480 கிரெயின், அதாவது நம் கணக்கில் இரண்டே முக்கால் தோலாவுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அது விநாடிக்கு 2,150 அடி வேகத்தில் போயிற்று. யானையை நிறுத்த மலைபோன்ற குண்டு வேண்டாம் என்று அன்று தெரிந்தது.

இந்த 450 அளவுக்கு நம் நாட்டில் ஒரு வேடிக்கையான கதி நேர்ந்தது. பழைய ராணுவத் துப்பாக்கிகளும் அதே அளவுடையவை. வேட்டைக்காக வரும் குண்டுகள் கிளர்ச்சிக்காரர் கைக்குப் போய்விடுமோ என்று அஞ்சிய பிரிட்டிஷ் அரசு, இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அந்த அளவை இந்தியாவில் தடை செய்தது. துப்பாக்கி செய்வோர் சளைக்கவில்லை. 465, 470, 475 என்று தலைக்கு ஓர் அளவாகப் புதிய தோட்டாக்களைச் செய்து தள்ளினார்கள். இன்றும் பெயர்பெற்று விளங்கும் 470 அளவு அந்த அச்சத்தின் குழந்தை என்றே சொல்லலாம்.

இனி, இத்தொழிலின் உயிர்நிலைக்கு வருவோம். இரண்டு குழல்களை ஒன்றுக்கொன்று இணையாகப் பொருத்திவிட்டால் போதாதா என்று நேயர்கள் கேட்கலாம். போதாது. வலக்குழல் துப்பாக்கியின் நடுக்கோட்டிலிருந்து சற்று விலகி இருக்கிறது. ஆகையால் அது வெடிக்கும்போது பின்னுதைப்பு துப்பாக்கியை நேராகத் தள்ளாமல், மேலாகவும் வலப்புறமாகவும் திருப்பிவிடுகிறது. குண்டு குழலைவிட்டு வெளியேறுமுன்பே இந்தத் திருப்பம் தொடங்கிவிடும். இடக்குழல் இடப்புறம் திரும்பும். இணையாக வைத்தால் இரண்டு குண்டுகளும் ஊருக்கு ஒன்றாகப் போகும். ஆகவே வாய்ப்பக்கத்தில் குழல்கள் ஒன்றையொன்று நெருங்கும்படி சாய்த்துப் பற்றவைக்கிறார்கள். எவ்வளவு சாய்க்க வேண்டும்? அதற்கு எந்தச் சூத்திரமும் முடிந்த விடை தராது. துப்பாக்கியின் எடை, குழலின் கனம், மருந்தின் அளவு எல்லாம் சேர்ந்து ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விடை.

ஆகவே ஒரு மனிதர் அதைத் தோளில் வைத்துச் சுட்டுப் பார்க்கிறார். குறிப்பலகையில் இரண்டு துளைகளும் எங்கே விழுந்தன என்று பார்க்கிறார். பிறகு குழல் வாயில் வைத்த பற்றுவாயைச் சூடேற்றி இளக்கி, குழல்களுக்கு நடுவே செருகிய சிறு ஆப்பை ஒரு மயிரிழை நகர்த்தி, மறுபடி இறுகவிட்டு, மறுபடி சுடுகிறார். இப்படி எத்தனை முறை என்று கணக்கில்லை. சில சமயம் ஒரு நாளில் முடியும். சில துப்பாக்கிகள் வாரக்கணக்கில் அழிச்சாட்டியம் செய்யும். ஒவ்வொரு முறையும் தோள் வாங்கும் இடியை நினைத்துப் பாருங்கள்! எங்கோ ஒரு காட்டில், முகமறியாத ஒருவனுடைய இரண்டாவது குண்டு முதற்குண்டின் வழியிலேயே போவதற்காக, இவர் தம் தோளைக் கொடுக்கிறார்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. கார்டைட் மருந்து வெயிலில் சீற்றங்கொள்ளும். இங்கிலாந்தின் குளிரில் அடக்கமாக இருந்த தோட்டா, நம் நாட்டுக் கோடையில் அதிக அழுத்தம் தந்து, வெடித்தபின் குழலிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆகையால் வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்த தோட்டாக்கள் வந்தன. மருந்து குறைந்தால் குழலின் சாய்வும் மாற வேண்டும். எந்த நாட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டுதான் துப்பாக்கி செய்பவர் வேலையைத் தொடங்குவார்.

அளவெடுப்பது தையற்காரர் முறையேதான். நீட்டவும் குறுக்கவும் வளைக்கவும் கூடிய கட்டையோடு ஒரு மாதிரித் துப்பாக்கி உண்டு. அதை வாங்குபவர் தோளில் வைத்து, கையின் நீளம், கழுத்தின் உயரம், கன்னத்தின் சதை எல்லாவற்றுக்கும் ஏற்பச் சரிசெய்வார்கள். துப்பாக்கியைத் தூக்கிய மாத்திரத்தில் கண் குறிக்கு நேரே நிற்க வேண்டும். தேடினால் காலம் கடந்துபோகும்.

கட்டைக்கு வேண்டியது அக்ரோட்டு மரம். வெட்டிப் பல ஆண்டுகள் உலர்த்திய பலகையில், கை பிடிக்கும் இடத்தில் மரவரி நேராக ஓட வேண்டும்; பின்பகுதியில் எத்தனை அழகாகச் சுழன்றாலும் பாதகமில்லை. வரி குறுக்கே ஓடினால் பின்னுதைப்பில் பிளந்துவிடும். இரும்பை மரத்தில் பதிக்கும் முறை மிகப் பழையது. இரும்பின்மேல் விளக்குப் புகைக்கரியைப் படியவைத்து மரத்தில் அழுத்துவார்கள். எங்கே கரி ஒட்டுகிறதோ அங்கே உளியால் இம்மியளவு சீவுவார்கள். பிறகு மீண்டும் கரி, மீண்டும் உளி. இரும்புக்கும் மரத்துக்கும் இடையில் காகிதம் நுழையாத வரையில் இது ஓயாது. இறுதியில் ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் வாரக்கணக்கில் தேய்த்து மெருகேற்றுவார்கள். இரும்புப் பாகங்களை எலும்புக்கரியோடு பெட்டியில் அடைத்துக் காய்ச்சி நீரில் தோய்க்க, மேற்பரப்பு வைரம் பாய்ந்து, நீலமும் பழுப்புமாக நிறம் கொள்ளும். அரசாங்கச் சட்டப்படி அமைந்த சோதனைச்சாலையில், வழக்கத்தைவிட மிகுந்த அழுத்தந்தரும் தோட்டாவை வெடித்துத் தாங்குகிறதா என்று பார்த்து முத்திரை குத்திய பிறகே துப்பாக்கி விற்பனைக்கு வரும்.

ஒரு துப்பாக்கி முடிய ஓராண்டோ இரண்டாண்டோ ஆகும். குழல் செய்பவர், பொறி செய்பவர், கட்டை செய்பவர், சித்திரம் வெட்டுபவர் என்று பலர் கை அதில் படும். மேலே பொறிக்கப்படுவது கடையின் பெயர். தொழிலாளிகள் தம் பெயரின் முதலெழுத்தைக் குழலுக்கு அடியில், கட்டை மறைக்கும் இடத்தில் குத்திவைப்பதுண்டு.

வேட்டையைப்பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். பெருங்குண்டுகளின் மகிமையைக் கேலி செய்தவர் ஒருவர் இருந்தார். பெல் என்ற அந்த ஸ்காட்லாந்துக்காரர் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். அவற்றில் பெரும்பாலானவற்றை 275 அளவுள்ள சிறு ரைபிளால் சுட்டார். மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை இருக்குமிடத்தைக் கற்றுக்கொண்டார். அறிவு கூர்மையானதுதான், ஆனால் தந்தத்துக்காக ஆயிரம் யானை என்னும்போது என் மனம் அவரோடு நிற்க மறுக்கிறது. துப்பாக்கியின் குற்றம் அல்ல இது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியவில்லை. அந்தத் தோளைக் கொடுத்த தொழிலாளியின் திறமையும் அந்தக் கணக்கில் சேர்ந்தே இருக்கிறது.

அதே 275 அளவு ரைபிள் ஒன்று நம் நாட்டில் வேறொரு காரியத்துக்குப் பயன்பட்டது. சம்பாவத்தில் 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட பெண்புலியை 1907-இல் சுட்ட ஜிம் கார்பெட்டுக்கு, ஐக்கிய மாகாணத் துணை கவர்னர் ஹியூவெட் ஒரு ரிக்பி ரைபிளைப் பரிசளித்தார். 1926-இல் ருத்ரப்பிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையை வீழ்த்தியது அந்த ரைபிள். அது இரட்டைக் குழல் அன்று. தாழ் இழுக்கும் ஒற்றைக் குழல். பிற்காலத்தில் கார்பெட் புலிகளைக் காமிராவால் பிடிப்பதிலேயே மனத்தைச் செலுத்தினார். அவர் 1955-இல் காலமானார். ஒரு தேசியப் பூங்காவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் வேட்டைப் பொழுதுபோக்குக்குப் பெருமளவு முற்றுப்புள்ளி வைத்தது. கென்யா 1977-இல் அதே வழியில் சென்றது.

ஆப்பிரிக்காவில் சில நாடுகளில் மட்டும் உரிமச் சீட்டின்பேரில் பெருவிலங்கு வேட்டை இன்னும் நடக்கிறது. லண்டன் பட்டறைகளும் மூடப்படவில்லை. இன்று அவற்றில் துப்பாக்கி வாங்குவோரில் சிலர் அதைப் பெட்டியைத் திறந்து பார்ப்பதோடு சரி. காட்டுக்கு எடுத்துச் செல்வதே இல்லை. ஆனால் எந்தத் துப்பாக்கி காட்டுக்குப் போகும், எது பெட்டியில் உறங்கும் என்று பட்டறைக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரேமாதிரி சுட்டுப் பார்த்து, பற்றுவாயை இளக்கி, ஆப்பை நகர்த்தி, மறுபடியும் சுடுகிறார்கள்.