முன்னாள் பிரதமரின் இருக்கை

 

ஆட்சியிலிருந்து இறங்கிய தலைவர், தமக்குப் பின் வந்தவரைப் பொதுவில் விமர்சிக்கலாமா? இதில் என் துறை நண்பர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு என்பதை இங்குள்ள பலர் அறிவீர்கள். பதவியின் மாண்பு கருதி முன்னாள் தலைவர் வாய்மூடியிருக்க வேண்டும் என்கிறார்கள் அவர்கள். முன்மாதிரியாக அமெரிக்க அதிபர்களைக் காட்டுகிறார்கள். பதவிக்காலம் முடிந்த அதிபர் வீட்டுக்குப் போகிறார். நம் பிரதமரோ ஆட்சி போன பிறகும் நாடாளுமன்ற உறுப்பினராகத் தொடரலாம். உறுப்பினரை அவைக்கு அனுப்புவதே பேசுவதற்காகத்தான். நண்பர்கள் இதற்கு இன்றுவரை விடை சொல்லவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு: 2016 நவம்பர் 24, மாநிலங்களவை. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று நவம்பர் 8 இரவு அறிவித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு அந்த நோட்டுகள்தாம். பிரதமர் மோடி அவையில் இருக்க, அவருக்கு முன் பிரதமராக இருந்த மன்மோகன் சிங் எழுந்தார். நோக்கத்தில் தமக்கு மாறுபாடில்லை என்றார். நிறைவேற்றிய விதத்தை மாபெரும் நிர்வாகத் தோல்வி என்றார். திட்டமிட்ட கொள்ளை, சட்டப்படியான சூறையாடல் என்றும் சொன்னார். வங்கியில் போட்ட சொந்தப் பணத்தை மக்கள் எடுக்க முடியாத நாடு வேறு உண்டா என்று கேட்டார். உழவும் சிறுதொழிலும் அமைப்புசாராத் துறையும் அடிபடும், மொத்த உற்பத்தி 2 விழுக்காடு அளவுக்குக் குறையலாம் என எச்சரித்தார்.

சொன்னவர் 1982 முதல் 1985 வரை ரிசர்வ் வங்கி ஆளுநராக நோட்டில் கையெழுத்திட்டவர். 1991இல் நிதியமைச்சர் ஆனவர்.

அந்த நவம்பரில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனவர்கள் உங்களில் இருப்பீர்கள். முருங்கைக்காய்க்கும் வாழையிலைக்கும் மீனுக்கும் தில்லித் தமிழர் தேடிப் போகும் இடம். விடியலில் மொத்தச் சந்தையில் ரொக்கத்துக்குச் சரக்கெடுத்து, பொழுது சாய்வதற்குள் விற்று, மறுநாளைக்கு முதல் திரட்டும் வியாபாரம் அது. ஐஸ் மேல் மீன் கிடந்தது. வந்தவர் கையில் புது 2000 ரூபாய் நோட்டு. கடைக்காரரிடம் சில்லறை இல்லை. மீன் காத்திருக்குமா? அமைப்புசாராத் துறை என்று அவையில் சொல்லப்பட்டவர்கள் இவர்கள்தாம். இவர்களுக்காக அன்று அவர் பேசாதிருந்தால் எந்த மாண்பு காப்பாற்றப்பட்டிருக்கும்? 2 விழுக்காடு சரியா என்பதைப் பொருளியலார் வாதிடட்டும். நடவடிக்கையின் நோக்கத்தைப் பொறுத்தவரை, செல்லாதென்ற நோட்டுகளில் 99.3 விழுக்காடு திரும்பிவிட்டதாக 2018இல் ரிசர்வ் வங்கியே ஆண்டறிக்கையில் சொன்னது.

ராஜாஜியையும் குறிப்பிட வேண்டும். கவர்னர் ஜெனரலாக இருந்தவர், 80 வயதில், 1959இல், சுதந்திராக் கட்சியைத் தொடங்கி நேருவின் லைசென்ஸ் ஆட்சியை எதிர்த்தார். நேரு அவருக்குப் பின் பதவிக்கு வந்தவர் அல்லர். ஆகவே பொருத்தம் பாதிதான். பிரிட்டனில் முன்னாள் பிரதமர் எட்வர்ட் ஹீத், தம் கட்சியின் பிரதமர் தாட்சரை எதிர்த்துப் பேசினார்; 2001 வரை மக்களவையில் இருந்தார்.

எல்லையும் உண்டு: பதவியில் அறிந்த அரசு இரகசியத்தை ஆயுதமாக்கக் கூடாது. 

இன்னொரு முன்னாள் பிரதமரான தேவகௌடாவின் அவைப் பேச்சுகளை யாராவது தொகுக்க வேண்டும். சட்டமன்றங்களில் முன்னாள் முதல்வர்களின் பேச்சு தனி ஆய்வுக்குரியது. இலங்கையில் முன்னாள் அதிபர்களான மகிந்த ராஜபக்ச 2015இலும் மைத்திரிபால சிறிசேன 2020இலும் நாடாளுமன்றம் புகுந்தார்கள், அதையும் ஒப்பிடலாம். அவைக்குறிப்புகள் அச்சில் கிடைக்கின்றன; இளைஞர்கள் அங்கிருந்து தொடங்கட்டும்.