குடத்திற்கா, புல்தரைக்கா?

(பள்ளிவாசலில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-ல் பள்ளிவாசலில் இயங்கத் தொடங்கியது. முதிரப்புழை ஆற்று நீர் சமவெளிக்கு வெளிச்சம் தந்தது. இன்று அதே மலைச்சரிவுகளில் சுற்றுலா விடுதிகள் பெருகியுள்ளன. பருவமழை கொட்டினாலும் நீர் சரிவில் ஓடிவிடுகிறது; கோடையில் ஓடைகள் மெலிகின்றன. அப்போது லயன் குடியிருப்பின் குடமும் விடுதியின் புல்தரையும் ஒரே ஊற்றை நாடினால், முதலுரிமை யாருக்கு?

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் நீர் என்பது 1 லிட்டர். சமவெளி நகரங்களின் கோடையில் புல்தரைக்கு நாள்தோறும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீர் வேண்டும். மலையில் சற்றுக் குறையும். ஒரு ஏக்கர் சுமார் 4,000 சதுர மீட்டர். ஆக, நாளொன்றுக்கு 20,000 லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் கிராமவாசி ஒருவருக்கு வகுத்த அளவு 55 லிட்டர். அழகுக்கான ஓர் ஏக்கர் புல், 360 பேரின் ஒருநாள் நீரைக் குடிக்கிறது!

2019-ல் சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் குடிநீர் ரயிலில் வந்தது. அதே ஆண்டில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரைத் தொழிற்சாலைகளுக்கு ஏற்றவாறு சுத்திகரிக்கும் நிலையங்கள் தொடங்கின. ஆலைக்கே அந்நீர் போதுமெனில், புல்லுக்குக் குடிநீர் எதற்கு?

முதலாளித்துவ அமெரிக்காவிலேயே நெவாடா மாநிலம் 2021-ல் சட்டம் இயற்றியது. அலுவலக வளாகங்களிலும் சாலையோரங்களிலும் எவரும் பயன்படுத்தாத அலங்காரப் புல்லுக்கு, 2027 முதல் கொலராடோ ஆற்று நீரைப் பாய்ச்சக் கூடாது என்பதே அதன் சாரம்.

குழந்தைகள் ஓடியாடும் பூங்காவும் விளையாட்டுத் திடலும் மக்களுடையவை. அவை காக்கப்பட வேண்டும். அங்கும் சிக்கனத்திற்கு வழியுண்டு. வெயில் ஏறுமுன் பாய்ச்சலாம். புல்லை ஒட்ட வெட்டாமல் சற்று உயரமாக விடலாம். செடிகளுக்குச் சொட்டுநீர் அமைத்து, வேரடியில் சருகு பரப்பலாம். நீர் வீணாவதற்குத் தோட்டக்காரரைப் பழிப்பது தவறு. குழாயையும் நேரத்தையும் தீர்மானிப்பது நிர்வாகமே.

கட்சிக் கிளைகள் உள்ளாட்சி மன்றங்களில் மூன்று கோரிக்கைகளை எழுப்ப வேண்டும். விடுதிகளும் பெருநிறுவனங்களும் எடுக்கும் நீருக்கு அளவுமானி பொருத்துக! அலங்காரப் புல்தரைக்குச் சுத்திகரித்த கழிவுநீரையும் சேமித்த மழைநீரையும் மட்டுமே அனுமதித்திடுக! தட்டுப்பாட்டுக் காலத்தில் குடிநீருக்கே முதலுரிமை என விதி செய்க!

சிக்கனம் என்ற உபதேசம் ஏழையின் குடத்தோடு நின்றுவிடக் கூடாது.