தண்ணீர்க் கணக்கு யார் கையில்?



களப்பயணம் என்றதும் நம் மனத்தில் முதலில் எழுவது, 'பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?' என்ற கேள்விதான். நியாயமான கேள்வி. அதற்கு அஞ்சியே பல பயணங்கள் பேச்சளவில் நின்றுவிடுகின்றன. இன்று அந்தக் கேள்வியை நம் ஊரைவிடப் பலமடங்கு கடினமான ஓரிடத்தில் வைத்துப் பார்ப்போம்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா உள்ளது. 1964இல் அமைக்கப்பட்டது. கொலராடோ, கிரீன் என்னும் இரண்டு ஆறுகள் பாறையை அறுத்து உண்டாக்கிய செங்குத்துப் பள்ளத்தாக்குகள் நிறைந்த வறண்ட பூமி அது. அங்கே 'ஒயிட் ரிம்' என்றொரு கரடுமுரடான பாதை. 1950களில் யுரேனியம் தேடியவர்களுக்காகப் போடப்பட்டது. இன்று மலைமிதிவண்டி ஓட்டுபவர்கள் விரும்பிச் செல்கிறார்கள். நீளம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். மூன்று, நான்கு நாள் பயணம். வழியில் கடை இல்லை, வீடு இல்லை, குடிநீர்க் குழாய் ஒன்றுகூட இல்லை. கைப்பேசியை நம்பிப் போக முடியாது.

இந்தப் பாதையில் ஒரு தாயும் 12 வயது மகளும் நான்கு நாள் பயணம் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். தாய் எல்லா ஏற்பாட்டையும் தானே செய்துவிட்டு, "என் பின்னால் வா" என்று சொல்லலாம். அல்லது நோட்டையும் பென்சிலையும் மகளிடம் கொடுத்து, "எவ்வளவு தண்ணீர் வேண்டும், நீ சொல்" என்று கேட்கலாம்.

கேட்டால் என்ன நடக்கும்? ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 லிட்டர் தண்ணீராவது வேண்டும். இரண்டு பேர், நான்கு நாள்; 32 லிட்டர். அதாவது 32 கிலோ. மிதிவண்டியில் கட்டிக்கொண்டு மேடு ஏற முடியுமா? முடியாது. அதனால்தான் தண்ணீரும் கூடாரமும் ஏற்றிய, நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி ஒன்று கூடவே வருவது அங்கே வழக்கம். வண்டி ஏன் வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் போட்ட கணக்கே சொல்லிவிடுகிறது.

அடுத்து தூரம். 160ஐ 4ஆல் வகுத்தால் நாளுக்கு 40 கிலோமீட்டர். ஆனால் வரைபடத்தை விரித்தால் 'மர்ஃபி ஹாக்பேக்' போன்ற செங்குத்தான ஏற்றங்கள் தெரிகின்றன. அங்கே பலரும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள். நினைத்த இடத்தில் தங்கவும் முடியாது. முன்பதிவு செய்த முகாமுக்கே போய்ச் சேர வேண்டும். சராசரி எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கரும்பலகையில் காட்ட முடியும்?

மூன்றாவது, விதி. 'பாதையை விட்டு மண்ணில் இறங்கக் கூடாது' என்பது அங்கே கண்டிப்பான விதி. காரணம், அந்த மண்ணின் மேல் கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருப்பது உயிருள்ளது. நுண்ணுயிரிகளின் மெல்லிய இழைகள் மணலைப் பிணைத்து, காற்றும் மழையும் அரித்துச் செல்லாமல் காக்கின்றன. ஒரு மிதியில் நொறுங்கிவிடும். மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். காரணம் தெரிந்த பிள்ளை பாதையோரம் குனிந்து அதைப் பார்ப்பாள். தாய் பார்க்காதபோதும் அதை மிதிக்க மாட்டாள்.

அப்படியானால் எல்லாவற்றையும் பிள்ளையிடம் விட்டுவிடலாமா? கூடாது. வெயில் 38 டிகிரியைத் தாண்டும் கோடையில் போகலாமா, தொலைவில் இடி இடிக்கும்போது வறண்ட ஓடையைக் கடக்கலாமா, பாறை விளிம்புக்கு எவ்வளவு அருகில் நிற்கலாம் - இவை பெரியவர்கள் எடுக்க வேண்டிய முடிவுகள். மழை எங்கோ பெய்தாலும் ஓடையில் வெள்ளம் திடீரென்று வந்துவிடும். அங்கே பிழைத்திருத்தம் கிடையாது.

நான் சொல்ல வந்தது இதுதான். திருத்திக்கொள்ளக்கூடிய முடிவுகள் பிள்ளையுடையவை. திருத்த முடியாதவை நம்முடையவை. தண்ணீர்க் கணக்கில் அவள் பிழை செய்தால் அது புறப்படும் முன்பே வீட்டு மேசையில் தெரிந்துவிடும். தாய் சரிபார்ப்பாள், மகள் அழித்து எழுதுவாள். நஷ்டம் கொஞ்சம் ரப்பர்த் தூள். அந்த வாய்ப்பையும் பறித்துவிட்டால், வழியில் புட்டியில் தண்ணீர் குறைவதைக்கூடக் கவனிக்காத பிள்ளையைத்தான் உடன் அழைத்துப் போவோம். அதுவே பெரிய ஆபத்து.

இன்னொன்றும் உண்டு. குழுவின் வேகம் என்பது கடைசியில் வருபவரின் வேகம். "என்னால் முடியவில்லை" என்று பிள்ளை வெட்கப்படாமல் சொல்ல முடிய வேண்டும். வகுப்பறையில் "புரியவில்லை" என்று சொல்லிக் கேலிக்கு ஆளான மாணவர், வெளியே வந்து "தலை சுற்றுகிறது" என்று நம்மிடம் எப்படிச் சொல்வார்?

நம் பயணம் பக்கத்து ஏரிவரைதான் என்றாலும் முறை இதுவே. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை புட்டித் தண்ணீர் என்று கணக்கிடட்டும். எட்டாம் வகுப்பு மாணவர்கள் வழியை வரைந்து, மெதுவாக நடப்பவரை முன்னே விட்டு நேரத்தைத் திட்டமிடட்டும். நீர்நிலையில் இறங்கலாமா, எப்போது திரும்புவது என்பதை நாம் முடிவு செய்வோம்.

அடுத்த பயணத்துக்குத் தாளை எடுக்கும்போது நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் பிள்ளைகள் முடிவு செய்பவை, வலப்பக்கம் நாம் முடிவு செய்பவை. இடப்பக்கம் வெறுமையாக இருந்தால், புறப்படும் முன் இன்னொரு முறை யோசியுங்கள்.