வண்ணம் பூசும் தொழில்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாதம் நம் அன்பர் ஒருவர் என் இல்லம் போந்தார். "ஐயா, பையனுக்குக் கோயமுத்தூரில் ஒரு பெயிண்ட் ஷாப்பில் வேலை கிடைத்திருக்கிறது. அனுப்பலாமா? பெயிண்டர் என்றால் நாளைக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்களே" என்று வினவினார். அவர் அஞ்சியது பெயரைப் பற்றி. யான் அஞ்சியது வேறொன்றைப் பற்றி. அன்று அவருக்கு முழு விடை கூற இயலவில்லை. பின்னர் அப்பட்டறைக்கே சென்று அரைநாள் நின்று பார்த்து வந்தேன். அங்குக் கண்டதையும், எங்கள் குடும்பத்தில் நேர்ந்த ஒன்றையும் இன்று தங்கள் முன் கூறுகின்றேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ஓவியரைக் கண்ணுள் வினைஞர் என்று நம் பழந்தமிழ் நூல்கள் வழங்கின. காண்பார் கண்ணுள்ளே தம் தொழிலை நிறுத்துவோர் என்பது கருத்து. தொழிற்சாலையில் வண்ணம் பூசுவோரின் திறமையோ, பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாத இடத்திலே உள்ளது. பளபளப்பைக் கண்டு நாம் மெச்சுகின்றோம். அவர் உழைப்பு அப்பளபளப்பின் அடியிலே மறைந்து கிடக்கின்றது.

யான் கண்ட பட்டறையில், கிணற்று மோட்டாருக்கு மாட்டும் ஸ்டார்ட்டர் பெட்டிகளுக்குப் பவுடர் கோட்டிங் செய்கின்றார்கள். வண்ணம் ஏறுமுன் அப்பெட்டிகள் வரிசையாக உள்ள தொட்டிகளில் முழுகி எழ வேண்டும். அதனை 'ஏழு தொட்டி' என்றே அவர்கள் வழங்குகின்றனர். ஒன்றில் எண்ணெய்ப் பிசுக்கு நீங்கும். ஒன்றில் அமிலத்தால் துரு அகலும். மற்றொன்றில் பாஸ்பேட் என்னும் உப்பு இரும்பின்மேல் மெல்லிய படலமாகப் படியும். இடையிடையே நல்ல தண்ணீரில் அலசல். அதன்பின் வெறுங்கையால் தொடலாகாது. விரலின் வியர்வை பட்ட இடத்திலே பூச்சு பிடிப்பு இழக்கும். அங்கிருந்த மூத்த தொழிலாளி இரண்டு பெட்டிகளைக் காட்டினார். ஒன்று புதியதுபோல் இருந்தது. மற்றொன்றில் வண்ணம் கொப்புளித்து உள்ளே துரு ஓடியிருந்தது. இரண்டும் ஒரே நிறம், ஒரே பொடி. "இது அலசுகிற தண்ணியை மாத்தாத நாள்ல போனது சார்" என்றார். அவ்வளவே வேற்றுமை!

பூசும் முறையும் வியப்புக்குரியது. பொடியைத் தெளிக்கும் 'கன்' அதற்குப் பல்லாயிரம் வோல்ட் மின்னேற்றம் தருகின்றது. பெட்டியோ கொக்கியில் தொங்கிக்கொண்டு நிலத்தோடு மின் தொடர்பு பெற்றிருக்கும். ஆதலின் பொடி தானே பாய்ந்து சென்று ஒட்டிக்கொள்ளும். பின்னர் 180 முதல் 200 டிகிரி வரை வெப்பமுள்ள அடுப்பில் 10 முதல் 20 நிமிடம் வெந்தால், பொடி உருகிப் பரந்து இறுகிவிடும். படலத்தின் பருமன் 60 முதல் 80 மைக்ரான். ஏறக்குறைய ஒரு தலைமயிரின் பருமன் என்க. இத்துணை மெல்லிய போர்வையை ஆயிரம் பெட்டிகளுக்கு ஒரே சீராகப் போர்த்துவது விளையாட்டன்று. பெட்டியின் உள்மூலையில் பொடி எளிதிற் புகாது. பழகாதவன் மின்னழுத்தத்தைக் கூட்டிப் பார்ப்பான். பொடி இன்னும் விலகும். பழகியவனோ அதனைக் குறைத்து, மெதுவாக ஊட்டுவான். காலையில் முதல் வேலை எதுவென்று கேட்டேன். "கொக்கியைச் சுரண்டுறது" என்று விடை வந்தது. நேற்றைய பூச்சு கொக்கியில் ஏறியிருந்தால் எர்த் அறும். பொடி ஒட்டாது உதிரும்.

நிற்க. இனி யான் அஞ்சியதற்கு வருகின்றேன்.

தூரிகையால் பூசிய காலத்தில் வண்ணம் பெரும்பாலும் பொருளின்மேலே தங்கிற்று. மோட்டார் வண்டிக்குப் பூச்சு உலரவே பல நாட்கள், சில வேளை வாரங்கள் ஆயின. 1920களில் விரைவில் உலரும் லாக்கரும் தெளிகருவியும் அமெரிக்க வண்டித் தொழிலில் பரவின. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. முதலாளிக்குக் காலம் மிஞ்சிற்று. ஆனால் வண்ணம் புகையெனக் காற்றிலே கலந்து, தெளிப்பவன் மூச்சோடு உட்புகலாயிற்று.

என் சிற்றப்பாவின் மகன், எனக்கு இளையவன், பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் எட்டு ஆண்டுகள் பெயிண்டராக இருந்தான். அங்கு அடித்தது ஹார்டனர் கலந்த பி.யு. பெயிண்ட். முகத்திற்குக் காப்பு ஒரு கைக்குட்டை! இரவில் அவனுக்கு நெஞ்சு இறுகும், இளைக்கும். சளி என்றோம், கஷாயம் கொடுத்தோம். யானும் மிளகைத் தட்டிக் கொடுத்தவனே. இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவர், "லீவு நாட்களில் எப்படி இருக்கிறது?" என்று வினவினார். ஒரு வாரம் ஊருக்கு வந்தால் நன்றாக இருக்கிறது என்றான். அவ்வொரு வினாவிலே நோய் வெளிப்பட்டது. அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்னும் பொருள் உண்டு. அஃது ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. மூக்கை எரித்து எச்சரிக்கும் வாடையும் அதற்கு இல்லை. உடல் ஒருமுறை அதனை வெறுத்துவிட்டால், பின்னர் அணுவளவே போதும். கைக்குட்டை இதனைத் தடுக்காது. சுத்தமான காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடி வேண்டும். பட்டறை அவனுக்குத் தந்தது அந்த மாதச் சம்பளமும் கணக்கு முடிந்தது என்ற சொல்லுமே. இன்று அவன் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதுகின்றான். பெயிண்ட் அடிக்கும் பட்டறை உள்ள தெருவில் நடப்பதில்லை.

உலகம் இதனை அறியாததன்று. 1921இலேயே சர்வதேசத் தொழில் அமைப்பு ஓர் உடன்படிக்கை செய்து, வெள்ளை ஈயம் கலந்த தொழிற்சாலைப் பூச்சு வேலையில் 18 வயதுக்குட்பட்ட ஆண்களையும், பெண்கள் எவரையும் அமர்த்தலாகாது என விதித்தது. 1989இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, பெயிண்டர் தொழிலையே புற்றுநோய் விளைப்பனவற்றின் பட்டியலிற் சேர்த்தது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் விதிகள் பெயிண்டிலுள்ள ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படாது கட்டுப்படுத்தின. ஆனால் அவை வீட்டுப் பெயிண்டுக்கும் அலங்காரப் பெயிண்டுக்கும் உரியவை; தொழிற்சாலைப் பெயிண்டை அவை தொடவில்லை. வீட்டுச் சுவருக்குக் கிடைத்த காவல் பூசுகின்றவன் நுரையீரலுக்கு முழுதும் கிட்டவில்லை என்பதைச் சட்டம் கற்ற நம் சங்கத்து அன்பர்கள் கருதுவார்களாக.

அன்பருக்கு யான் பின்னர்ச் சொன்ன விடை இது: அனுப்புங்கள். ஆனால் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், தாங்களே ஒருநாள் சென்று பாருங்கள். பொடியா, தின்னர் கலந்ததா, ஹார்டனர் கலந்ததா என்று கேளுங்கள். பொடியில் தின்னர் வாடை இல்லை. எனினும் அது காற்றில் அடர்ந்தால் தீப்பற்றி வெடிக்கக் கூடும். ஆதலின் பூத்தில் காற்றை உறிஞ்சும் விசிறி ஓடுகின்றதா, அல்லது பார்ப்பவர் வரும் நாளில் மட்டும் ஓடுகின்றதா என்று நோக்குங்கள். முகமூடி ஆணியில் புத்தம்புதிதாகத் தொங்கினால் ஐயுறுங்கள். அழுக்கேறியிருந்தால் அணிகின்றார்கள் என்று பொருள். பெண் வீட்டார்க்கோ, பையன் இரவில் இருமுகின்றானா என்று கேட்பதே தக்கது. அவன் என்ன பூசுகின்றான் என்பதன்று.

அன்பரின் மகன் பவுடர் கோட்டிங் பகுதியிலே சேர்ந்துவிட்டான். இப்பொழுது கொக்கி சுரண்டுகின்றான். ஐ.டி.ஐ.யில் பெயிண்டர் படிப்பு இரண்டாண்டுக்கு உண்டு. விரும்புவோர்க்கு விண்ணப்பம் எழுத யான் உதவுவேன். பட்டறையைக் காண விரும்பும் இளைஞர்களை அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை யானே அழைத்துச் செல்கின்றேன். பெற்றோரும் வரலாம். என் தம்பியும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கின்றான்; ஆனால் வாயிலுக்கு வெளியே நின்றுதான் பேசுவான். காரியதரிசியிடம் பெயர் கொடுங்கள்.