விடுதலைக்குப் பின்னும் பூட்டா?
(மர்பி டவுன் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ராஜீவ் வழக்கில் 31 ஆண்டு சிறையிருந்த ஈழத்தமிழர் சாந்தனை உச்ச நீதிமன்றம் 11-11-2022 அன்று விடுவித்தது. அவர் போனது வீட்டுக்கல்ல. திருச்சி சிறப்பு முகாமுக்கு. 28-2-2024 அன்று, ஊர் திரும்பாமலே சென்னை மருத்துவமனையில் இறந்தார்.

இது திருச்சியோடு முடியவில்லை. நம் பெங்களூருக்கு அருகே, நெலமங்கலா சொண்டேகொப்பாவிலும் ஒரு மாணவர் விடுதி அயல்நாட்டார் தடுப்பு மையமாயிற்று. இத்தகைய மையங்களுக்கென மத்திய அரசு 2019இல் மாதிரிக் கையேடு அனுப்பியது. ஏடு இருந்தால் போதுமா? எட்டிப் பார்க்க வெளியாள் வேண்டாமா?

நாம் கேட்பது மூன்று: அடைப்புக்குக் காலவரம்பு, மாதந்தோறும் நீதிபதியின் நேரடிச் சோதனை, வக்கீலும் மருத்துவரும் தடையின்றிச் செல்லும் உரிமை.

1991 காவிரிக் கலவரத்தில் இவ்வூர்த் தமிழரும் அந்நியராகப் பார்க்கப்பட்டோம். அடுத்தவர் வழக்கென்று ஒதுங்கோம். மனுவில் கையெழுத்திடுவோம்!