சித்திர சபையின் படங்கள்

குற்றாலம் சித்திர சபையில் நடராசர் ஓவியமாகவே வழிபடப்படுகிறார். நடராசரின் ஐம்பெரும் சபைகளில் இந்தச் சபைக்கு மட்டுமே உரிய சிறப்பு இது. ஆனால் ஓவியத்துக்குக் கல்லின் ஆயுள் கிடையாது. ஈரக்காற்றும் விளக்குப் புகையும் வண்ணத்தை மெல்லத் தின்கின்றன. புதுப்பிக்கும் கையும் சில வேளைகளில் பழைய கோடுகளை மாற்றிவிடும். தென்காசி வட்டாரத்துத் திருமலாபுரம் குடைவரையில் பாண்டியர் கால ஓவியங்களில் இன்று எஞ்சியிருப்பவை சிதறல்களே. ஆகவே, இருப்பதை நுணுக்கமாகப் படமெடுத்து, எவரும் கட்டணமின்றி இணையத்தில் பார்க்கும்படி வைப்பது அவசரமான வேலை.

பொதுவில் வைத்தால் திருடர்களுக்கு வழிகாட்டியதாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நடந்ததைப் பாருங்கள். பக்கத்துக் கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலில் 1982-இல் களவுபோன நடராசர், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு கலைக்கூடத்திலிருந்து 2019-இல் நாடு திரும்பினார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1958-இல் எடுத்து வைத்திருந்த புகைப்படம்தான் அதற்குச் சான்றானது. அந்தப் படம் அப்போதே உலகின் கண்ணில் பட்டிருந்தால், அந்தக் கலைக்கூடம் 2001-இல் அச்சிலையை விலைக்கு வாங்கத் துணிந்திருக்குமா? சன்னிதியின் புனிதம் கெடும் என்ற தயக்கம் மதிக்கத்தக்கது. வழிபாட்டு ஓவியத்தை விட்டுவிட்டு மற்றச் சுவர்களைப் பதிவுசெய்யலாம். பணம் கட்டியவர்களுக்கு மட்டும் என்று பூட்டுவதற்கோ நியாயமே இல்லை. இது ஊரார் சொத்து. உங்கள் வீட்டு ஆல்பத்தில் சித்திர சபையின் பழைய புகைப்படம் இருந்தால், எடுத்த ஆண்டைக் குறித்து, ஸ்கேன் செய்து, பொது ஆவணகம் ஒன்றுக்குக் கொடுங்கள்.